எழுத்துகளால் கீறிய கப்பல்

என் கணவர் வேலை செய்யும் கப்பல் ஓடாது. அரபு நாடொன்றின் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. கம்பனி கையை விரித்துவிட்டது. முதலாளி யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். கப்பலை வெறுமையாக விட்டு இறங்கத் துறைமுகம் விடாது, மாற்று ஆட்களை அனுப்ப யாரும் இல்லை, கடவுச்சீட்டுகள் எல்லாம் கரையில் யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் கிடக்கின்றன. ஆக, எஞ்சின் அறையில் வேலைக்குப் போன மனிதர் ஓடாத எஞ்சினுக்குக் காவல் இருக்கிறார். சிறை மறியலுக்குப் போனவனுக்காவது இத்தனை வருடம் என்று சொல்லி அனுப்புவார்கள். இவருக்கு அதுவும் இல்லை.

பருத்தித்துறையில் கப்பலுக்கு ஆள் போகாத ஒழுங்கை கிடையாது. அதனால் இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். "பொறுமையா இரு பிள்ளை, கப்பல்காரரைக் கட்டினால் உப்பிடித்தான்" என்று மீன் சந்தையில் எனக்குச் சொல்லாத ஆளில்லை. அவர்களுடைய கணவன்மார் போனார்கள், வந்தார்கள். போய் நடுவழியில் நின்றுவிட்ட கப்பலைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நான் தலையை ஆட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து, அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த மீனுக்குச் சொல்லிச் சொல்லி வெட்டுவேன்.

இவர் போகும்போது நான் பிள்ளைத்தாச்சி. மகள் பிறந்து, தவழ்ந்து, இப்போது நடக்கவும் தொடங்கிவிட்டாள். இவர் அவளை இன்னும் காணவில்லை. படத்திலும் காணவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "போனிலை அனுப்பிறதுதானே" என்பார்கள். கப்பல் நிற்கும் இடத்தில் போனுக்குச் சிக்னல் எடுக்காது. ஒரு தொண்டு அமைப்பின் தயவில் கப்டனுடைய பழைய கொம்பியூட்டரில் செய்மதி வழியாக ஈமெயில் மட்டும் போய் வரும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஜெனரேற்றரைக் காலையில் கொஞ்ச நேரம்தான் போடுகிறார்கள்; அதற்குள் ஆளுக்கொரு கடிதம். படம் இணைத்து அனுப்பினால் அது வழியிலேயே கழற்றப்பட்டு, எழுத்து மட்டும்தான் கப்பலுக்குப் போய்ச் சேரும். மகள் பிறந்த கையோடு நான் அனுப்பிய அத்தனை போட்டோவும் அப்படித்தான் காணாமல் போயின. "படம் வரேல்லை. பிள்ளை என்ன மாதிரி எண்டு எழுதும்" என்று இவர் எழுதினார்.

இதில் இன்னொரு கேடும் இருந்தது. தமிழில் எழுதினால் அந்தக் கொம்பியூட்டரில் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகத்தான் விழும். நான் அழுது அழுது எழுதிய முதல் நீண்ட கடிதம் ஒரு பக்கம் நிறையக் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. "என்னட்டைக் கேக்க இவ்வளவு கிடக்கோ?" என்று பதில் போட்டார். அப்போது இவருக்குப் பகிடி விட முடிந்தது. அன்றிலிருந்து இருவரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். இங்கே நான் தரும் இவருடைய வரிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். அப்படி எழுதினால் எந்தச் சொல்லும் விறைத்துப்போய்க் கிடக்கும். பிள்ளையின் கன்னத்தை அதில் எப்படி எழுதுவது?

நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன் கடையில் ரைப் அடிக்கிறேன். விண்ணப்பங்கள், அழைப்பிதழ், மரண அறிவித்தல், போட்டோக் கொப்பி. கடைக்கார அக்காவுக்குப் பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய். ஒருநாள் வேலை இல்லாத பொழுதில், அடைப்புக்குறியையும் புள்ளியையும் வைத்து ஒரு முகத்தை அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கியிருந்தாலும் பிள்ளையின் முகம் மாதிரித்தான் இருந்தது. உடனே கடிதத்துக்குள் போட்டு அனுப்பினேன். படமாக அனுப்பினால்தானே கழற்றுவார்கள், எழுத்தை யார் கழற்றுவார்கள்? மறுநாள் பதில் வந்தது. "இதென்ன, நிலத்திலை சிந்தின அரிசி மாதிரிக் கிடக்கு?"

பிழை எங்கே என்று பிடிக்க எனக்குப் பல நாள் எடுத்தது. என் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். கப்பலில் இருக்கும் கொம்பியூட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், கட்டம் போட்ட கணக்குக் கொப்பி மாதிரி. நானும் அப்படிப்பட்ட எழுத்துக்கு மாறினேன். இணையத்தில் தேடிப் பார்த்தால், எழுத்துகளாலேயே படம் கீறி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் ஒரு கூட்டமே இருக்கிறது. உலகத்துப் பூனைகள் எல்லாம் அங்கேதான். பூனை தூங்குகிறது, பூனை எட்டிப் பார்க்கிறது, பூனைக்குப் பிறந்தநாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வெட்கத்தை விட்டு என் படத்தை அங்கே போட்டு, குழந்தையின் கன்னம் எப்படி உருண்டு வரும் என்று கேட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், நிழல் விழும் இடத்தில் காற்புள்ளிகளை நெருக்கி, வெளிச்சம் விழும் இடத்தை வெறுமையாக விட்டுத் திருத்தித் தந்தார். யாருக்காக என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கடையில் இருந்தபடியே அழுதேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "அழுறதெண்டால் கீபோட்டிலை விழாமல் அழும்" என்றார்.

அந்த முகம் கப்பலுக்குக் குலையாமல் போய்ச் சேர்ந்தது. "கண்டிட்டன்" என்று ஒரு சொல்தான் பதில். அதற்கு அடுத்த நாள், "மூக்கு உம்மடையோ என்ரையோ?" என்று கேட்டிருந்தார். ஒரேயொரு காற்புள்ளியால் வைத்த மூக்கு அது. யாருடையது என்று நான் எதைக் கண்டேன்? "உங்கடைதான்" என்று எழுதினேன்.

பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. மகளுக்கு முதல் பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். மாமி, அதாவது இவருடைய அம்மா, விடியவே எழும்பி மாவைக் குழைத்து, உள்ளே பயறும் சர்க்கரையும் வைத்து, ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரிக் குத்தி அவித்தார். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டினோம். முன்னால் ஒரு தட்டத்தில் புத்தகம், பேனை, சங்கிலி, கண்ணாடி என்று வைத்தோம். பிள்ளை எதைத் தூக்குகிறதோ அந்த வழிக்குப் போகும் என்பது நம்பிக்கை. கடலோடு சம்பந்தப்பட்ட ஒன்றும் தட்டத்தில் இருக்கக் கூடாது என்பது மாமியின் கட்டளை. மகளோ தட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தவழ்ந்து போய், சுவரில் சாத்தி வைத்திருந்த என் போனைப் பிடித்தாள். அதன் முகப்பில் இவருடைய படம். அதைக் காட்டித்தான் தினமும் "அப்பா" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "போன் கடை போடப் போறாள்" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆளைக் கொழுக்கட்டைப் பெட்டியோடு படலைக்கு வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அதைக் கீறினேன். துணி, விழும் கொழுக்கட்டை, தட்டம், தட்டத்தைத் தாண்டிப் போகும் பிள்ளை. எங்கே போகிறாள் என்பதைக் கீழே ஒரு வரியில் எழுதினேன். "எல்லாருக்கும் காட்டினனான்" என்று இவர் பதில் எழுதினார்.

கப்பலில் மிஞ்சியிருந்தவர்கள் பல நாட்டுக்காரர். கப்டன் கொம்பியூட்டரைத் திறந்ததும் எல்லாரும் சுற்றி நின்று என் படத்தைப் பார்ப்பார்களாம். கொஞ்ச நாளில் அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். வங்கதேசத்துச் சமையல்காரருக்கு அவருடைய பசு வேண்டும், ஒரு கொம்பு வளைந்தது. இன்னொருவருக்கு மோட்டார் சைக்கிள். கப்டனே கூச்சத்தோடு தன் வீட்டுச் சமையலறை யன்னலைக் கேட்டார். நான் பருத்தித்துறையில் இருந்துகொண்டு, காணாத பசுவுக்கும் காணாத யன்னலுக்கும் கோடு இழுத்தேன். கொம்பு மற்றப் பக்கம் வளைய வேண்டும் என்று திருத்தம் வந்தது, திருத்தினேன். அந்த நாட்களில் இவருடைய கடிதங்கள் நீளமாக இருந்தன. யார் எதைப் பார்த்துச் சிரித்தார், யார் எழும்பிப் போய்விட்டார் என்றெல்லாம் எழுதுவார்.

பிறகு சமையல்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஒரு படகில் இறக்கிக் கொண்டு போனார்கள். "வருத்தம் வந்தால்தான் இஞ்சையிருந்து இறங்கலாம்" என்று இவர் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சமைக்க ஆளில்லை, சமைப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அவித்த சோறும் உப்பும். குடிக்கிற தண்ணீர் துருவின் நிறம். இவருடைய வரிகள் குறையத் தொடங்கின. "சுகம்." "ஓம்." "படம் வந்தது." பிள்ளை முதன்முதலாகப் பிடிக்காமல் எழுந்து நின்ற படத்துக்கும் "படம் வந்தது" என்றுதான் பதில்.

எனக்கு விசர் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. படம் சிறிதாக இருப்பதால்தான் இவருக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டு, முழு வீட்டையும் கீறத் தொடங்கினேன். ஓடு ஓடாக, முருங்கையில் இலை இலையாக. மரண அறிவித்தல் அடிக்க வந்தவர்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க, நான் கிணற்றுக் கட்டுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஏசினார். கப்பலுக்கு அனுப்பியதை அந்த இணையக் கூட்டத்திலும் போட்டேன். எத்தனையோ பேர் புகழ்ந்தார்கள். பார்க்க அமைதியாக இருக்கிறது, இப்படி ஒரு வீட்டில் வாழ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நீ வந்து இரு, நான் போகிறேன் என்று எழுத வந்த கையை அடக்கிக்கொண்டேன். கப்பலிலிருந்து வந்த பதில் இது: "வீட்டுக்கு வாற எண்ணத்தை விட்டிட்டன். நீர் பிள்ளையைப் பாரும்."

இவர் தனக்குத்தானே ஏதாவது செய்துவிடுவாரோ என்ற பயம் அன்று எனக்குள் வந்து குந்தியது. மாமியிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் போலிருந்தது. கடற்கரை வீதியால் வேலைக்கு நடந்து போகும்போது, இதே தண்ணீர்தான் அங்கேயும் கிடக்கிறது என்று நினைக்கக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும். ஒருநாள் துப்பியும்விட்டேன். வள்ளத்தடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் கொம்பியூட்டரைப் போட்டால் இவரிடமிருந்து ஒரு படம். கூட ஒரு சொல்லும் இல்லை. இவர் கீறிய முதல் படம் அது. கப்பல். சாய்கோடுகளால் அடிப்பக்கம், கீழ்க்கோடுகளால் மேல்தளம், அதன் ஓரத்தில் கம்பி, நடுவில் புகைபோக்கி. தளத்தில் வரிசையாகச் சின்ன வட்டங்கள், ஆங்கிலத்து o எழுத்துகள். அவைதான் ஆட்கள். கீழே ~ ~ ~ என்று அலை. கொஞ்சம் கோணல்தான், ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். "அக்கா, இஞ்சை வாங்கோ, இவர் கீறியிருக்கிறார்!" என்று கத்தினேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வடிவாக் கீறியிருக்கிறார்" என்றார். பிறகு திரையில் விரலை வைத்து, "உது ஆர் தண்ணிக்கை?" என்று கேட்டார்.

அலைகளுக்கு நடுவே ஒரு o இருந்தது.

தவறி விழுந்த எழுத்தாக இருக்கும் என்றார் அக்கா. மிதவையாக இருக்கும் என்றார். நான் அதற்குள் தளத்தில் நின்றவர்களை எண்ணிவிட்டேன். ஒருவர் குறைந்தார். "தண்ணிக்கை நிக்கிறது ஆர்? நீங்கள் எங்கை நிக்கிறியள்?" என்று எழுதி அனுப்பினேன். எழுதி என்ன, கப்பலில் அன்றைக்கு ஜெனரேற்றரை நிறுத்தியிருப்பார்கள். இனி அடுத்த நாள் காலைதான்.

இவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சியின் இலக்கம் எப்போதோ செத்துவிட்டது. கொழும்பில் இப்படியான விசயங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். கப்பலில் யாரோ தண்ணீரில் விழுந்திருக்கிறார்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். படம் வந்தது என்றேன். அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். திரும்ப எடுத்த மனிதர், "தங்கச்சி, இதிலை வெறும் கோடும் புள்ளியும்தானே கிடக்கு?" என்றார். "அதுதான் படம்!" என்று கத்தினேன். யாருக்கும் ஏதும் நடந்ததாகத் தங்களுக்கு அறிவித்தல் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அவரில் பிழை இல்லை. ஆனால் அன்று நான் அவருக்குப் போட்ட திட்டு இன்னும் கொழும்பில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

பின்னேரம் வீட்டுக்குப் போனால் மாமி படலையடியில் நிற்கிறார். "தம்பி எழுதினவனோ?" என்று தன் மகனைப் பற்றிக் கேட்டார். "ஓம் மாமி, படம் கீறி அனுப்பியிருக்கிறார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடைத் திரையை என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பறிக்காத குறையாக வாங்கிப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், தண்ணீருக்குள் இருந்த வட்டத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "உவன்தான் உது. குளிக்கிறான்" என்றார். "சின்னனிலையே கடலுக்கை இறங்கினால், நான் தடியோடை போனால்தான் ஏறுவான்." பிறகு மகளை மடியில் தூக்கி வைத்து, "இஞ்சை பார், கொப்பா குளிக்கிறார்" என்று காட்டினார். மகள் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து "அப்பா" என்றாள்.

நான் கிணற்றடிக்குப் போனேன். வாளியை உள்ளே விட்டு, அது நிறைந்த பிறகும் இழுக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளே என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. கடையில் நான் அடிக்கும் மரண அறிவித்தல்களின் வசனங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் இவருடைய பெயரை வைத்துப் பார்த்த என் மனதைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது. உள்ளே மாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அக்கா வருமுன்னரே கடை வாசலில் நின்றேன். வழமையாக வரும் நேரம் தாண்டியும் கடிதம் வரவில்லை. அக்கா தேத்தண்ணி வாங்கித் தந்தார், ஆறிப் போய்க் கிடந்தது. பிறகு வந்தது.

"உது நான்தான். முதல் நாள் பின்னேரம் கம்பிக்கு அங்காலை இறங்கி நிண்டனான். கனநேரம். கையை விட்டால் சரி எண்டு இருந்தது. ஏன் விடேல்லை எண்டு தெரியேல்லை. காலமை என்ரை முறை வர, உமக்கு என்ன எழுதிறதெண்டும் தெரியேல்லை. அதுதான் கீறினனான். கோவிக்காதையும்."

கோவிக்காதையுமாம். எனக்கு வந்தது கோபம்தான். உயிரோடு இருக்கிறார் என்று நெஞ்சு குளிருமுன்னரே கோபம் வந்துவிட்டது. வெட்கமில்லையோ, எங்களை யாரிடம் விட்டுப் போகப் பார்த்தீர்கள் என்று விரல் நோக நோக அடித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு கெஞ்சி அடித்தேன். அதையும் அழித்தேன். ஆங்கில எழுத்தில் கெஞ்சினால் அது கெஞ்சுவது மாதிரியே இல்லை. கப்டனுக்கு மட்டும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன், இவரைத் தனியே விட வேண்டாம் என்று. இங்கே எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று பிறகு அவர் பதில் எழுதினார். அதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

இவருடைய படத்தைத் திறந்தேன். தண்ணீருக்குள் இருந்த o எழுத்தை அழித்து, அந்த இடத்தில் ஓர் அலையை வைத்தேன். மேல்தளத்துக்குப் போய், வரிசையின் நடுவில் இடம் விலக்கி, இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க இவரை அங்கே வைத்தேன். ஒரு விரல் வேலைதான். ஆனால் ஓர் ஆளைத் தூக்கி ஏற்றியது போல் என் தோள் நொந்தது. ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன்.

அடுத்த நாள் அந்தப் படம் திரும்பி வந்தது. நான் வைத்த இடத்திலேயே இவர் நின்றார்.

இப்போது அதுதான் எங்கள் கடிதம். கப்பலை விற்கப் போகிறார்கள் என்கிறார்கள், வழக்கு நடக்கிறது என்கிறார்கள், அடுத்த மாதம் என்கிறார்கள். காலையில் கப்பல் வருகிறது, நான் முதலில் தண்ணீரைத்தான் பார்க்கிறேன். பிறகு தளத்துக்கு வருகிறேன். சில நாள் இவர் நடுவில் நிற்பார். சில நாள் புகைபோக்கியடியில் தனியே நிற்பார். ஏன் என்று நான் கேட்பதில்லை, இவர் சொல்வதும் இல்லை. எங்கே நின்றாலும் இழுத்து வந்து ஆட்களுக்கு நடுவில் விட்டு அனுப்புகிறேன்.

இன்று காலை வந்த படத்தில் இவர் கம்பியோடு நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓர் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. தூக்கி நடுவில் வைத்து அனுப்பினேன். நாளைக்குக் கடை திறக்கும் வரைக்கும் இவர் அங்கேயே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு தீத்துகிறேன்.